வெட்டப்படாத சாலை

கம்பம் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி.
யாரும் பார்க்கவில்லை என்று
எல்லோரும் எழுதிக் கொடுத்தார்கள்.
நாற்பத்தொரு கையெழுத்து, ஆறு கைநாட்டு,
ஒரு பெயர் மட்டும் பச்சை மையில்.

முனிச்சாலைக்குள் நுழைந்து
மாவு மில்லில் இடது பக்கம் வாங்கினால்
சந்து முழங்கைபோல் மடங்கும்.
சரியாக அந்த முட்டியில் நட்டிருந்தார்கள்.
இருபதடி இரும்பு, தலையில் வெள்ளைப் பெட்டி,
இடுப்பில் சாம்பல் பெட்டி,
அதற்குள் வண்டு சிக்கியதுபோல் ஓயாத சத்தம்.

நாடாவின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை துளசிராமிடம்.
முன்பு இரண்டு மீட்டர் பத்து.
இப்போது ஒன்று முப்பத்தைந்து.
"எழுதிக்கங்க மேடம்,
ஒண்ணு முப்பத்தஞ்சுல எங்கண்ணன் திரும்பல."

தோள்கொடுத்த நாலு பேரும்
முன்னே போய்ப் பின்னே வந்து
லோடு ஆட்டோவை ஒடிப்பதுபோல் ஒடித்துப் பார்த்து
கடைசியில் பாடையை ஒருக்களித்துச் சாய்த்திருக்கிறார்கள்.
மாலை நழுவிப் பெட்டிமேல் விழுந்ததாம்.
மூன்று நாள் யாரும் எடுக்கவில்லையாம்.
இதெல்லாம் மனுவில் இல்லை.
மனுவில் இருந்தது
'போக்குவரத்துக்கு இடையூறு.'

மண்டல அலுவலகத்தில் அனுமதி ஆணை இருந்தது.
வரைபடத்தில் கம்பம் ஒழுங்காகத்தான் நின்றது:
மில்லுக்கு அந்தப் பக்கம், அகலச் சாலையில்,
சாக்கடையிலிருந்து ஓரடி தள்ளி.
அங்கே ஏற்கெனவே ஒரு டிரான்ஸ்பார்மர் இருப்பதை
வரைந்தவர் பார்க்கவில்லை.
நட்டவர் பார்த்துவிட்டார்.
"அதான் கொஞ்சம் உள்ள தள்ளி..."
என்றார் கம்பெனி ஜெபசிங்.
கொஞ்சம் என்பது எண்பது மீட்டர்.

வழியுரிமை என்று விதியில் ஒரு சொல் வரும்.
ஒரே மூச்சில் படித்தால் புரிகிறது.
வழி, உரிமை என்று பிரித்தால்
யாருக்கு எது என்று நின்றுவிடுகிறேன்.

வார்டு அலுவலகத்தில் கூட்டம் போட்டோம்.
பன்னிரண்டு நாற்காலி, மீதிப் பேர் படியில்.
"அதுகிட்ட படுத்தா தலை விண்ணுவிண்ணுங்குது"
என்றாள் ஒச்சம்மா.
அதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.
மைதீன் பாத்து எழுந்தாள்:
"இது வந்தப்புறந்தான் எம்மவன் மொகம்
ஷார்ஜாவுலருந்து முழுசாத் தெரியுது.
எடுத்துட்டா, பழையபடி
பாதி வாயோட நின்னுக்கிருவான்."
பச்சை மைக்காரர் இருவருக்கும் தலையாட்டினார்.
கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

"டவர் வேணாம்னு யாரு சொன்னா?"
என்றார் துளசிராம்.
"வளவுல வேணாம்."

அன்று என் குறிப்பேட்டில்
அடிக்கோடிட்டது அந்த ஒரு வரிதான்.

பதினைந்து நாள் அவகாசம்.
மறுபடி பதினைந்து.
முப்பத்துநாலாம் நாள், பட்டப்பகலில்,
சந்தே கூடி நின்று பார்க்கக்
கம்பத்தைப் பிடுங்கி,
டிரான்ஸ்பார்மருக்கு அடுத்த முக்கில் நட்டார்கள்.
வளைவில் மிச்சம் ஒன்றரை அடிக் குழி,
நான்கு போல்ட்டுகள்.

"கம்பம் எங்களுது, எடுத்தாச்சு.
ரோடு உங்களுது" என்றார் ஜெபசிங்.
எங்கள் பதிவேட்டைப் புரட்டினேன்.
சீரமைப்புக் கட்டணம் கட்டியது அகலச் சாலைக்கு.
இந்தச் சந்தில், கணக்குப்படி,
யாரும் எதையும் வெட்டவே இல்லை.
நடக்காத வெட்டின் குழியை
எந்தத் தலைப்பில் மூடுவது?

பச்சை மைக்காரர் அதில்
ஒரு வேப்பங்கொப்பைச் செருகி வைத்திருக்கிறார்,
வண்டிக்காரர்கள் பார்த்து வர.

திங்கட்கிழமை புது மனு.
அதே நாற்பத்தொரு கையெழுத்து.
கைநாட்டு ஐந்து.
எண்ணிவிட்டு நிமிர்ந்தேன்.
யார் என்று கேட்க வாய் வரவில்லை.
"திரும்புச்சா?" என்றேன்.

"திரும்புச்சு மேடம், தாராளமாத் திரும்புச்சு.
முன்னாடி புடிச்ச பயலுக்குத்தான்
கால் குழியில எறங்கி
பெரட்டிக்கிருச்சு."